கிளிக் செய்தவர் மீதுதானா குற்றம்?

கிள்ளானில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் கணினிப் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நான் ஒருவன்தான் அந்தப் பிரிவு. அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மின்னஞ்சல் நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அங்கே கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, எஸ்.பி.எம். முடித்த கையோடு வேலைக்கு வந்து, பத்தொன்பது ஆண்டுகளை அதே மேசையில் கழித்தவர். எந்தக் கப்பல் நிறுவனம் எந்தத் தேதியில் பில் அனுப்பும், எந்த வாடிக்கையாளர் எத்தனை நாள் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு மாதக் கடைசியில், காலை ஒன்பது மணி வாக்கில், அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சரக்குக் கட்டணப் பாக்கி, உடனே பார்க்கவும் என்று பொருள் வரியில் இருந்தது. கூடவே ஒரு ‘ஸிப்’ கோப்பு. பிரித்தார். உள்ளே பிடிஎஃப் சின்னத்துடன் இன்னொரு கோப்பு. அதையும் திறந்தார். ஒன்றும் வரவில்லை. சரி, அப்புறம் பார்க்கலாம் என்று அடுத்த அஞ்சலுக்குப் போய்விட்டார்.

மதிய உணவு முடிந்து வந்தபோது அலுவலகத்தின் பொதுக் கோப்புறையில் எதையும் திறக்க முடியவில்லை. எல்லாம் பூட்டப்பட்டுக் கிடந்தன. சாவி வேண்டுமானால் பணம் கட்டு என்ற குறிப்பு மட்டும் திறந்தது.

மூன்று நாள் வேலை நின்றது. சுங்கத் துறைக்கான கே1 படிவங்கள் தாமதமாயின. துறைமுகத்தில் கொள்கலன்கள் கிடந்த ஒவ்வொரு நாளும் கட்டணம் ஏறியது. என்னிடம் இருந்த காப்பு நகல் ஆறு நாள் பழையது. அந்த ஆறு நாள் கணக்கையும் காகித ரசீதுகளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தவர் அதே அக்காதான், இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து.

அடுத்த வாரம் அவருக்குக் காரணம் கோரும் கடிதம் வந்தது. பேச்சில் ‘துஞ்சோக் செபாப்’ என்போமே, அது. பதிலை மலாயில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். “தம்பி, நீ யூனிவர்சிட்டி படிச்ச பிள்ளை. இலக்கணம் மட்டும் பார்த்துக் கொடு” என்றார். என் கவனக்குறைவால் நிறுவனத்திற்கு நட்டம் ஏற்பட்டது, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். மூன்று இடங்களில் திருத்திக் கொடுத்தேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

அன்று நான் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தக் கோப்பு அவருடைய கணினி வரை வந்திருக்கவே கூடாது. அதை வாசலிலேயே நிறுத்தும் வசதி எங்கள் மின்னஞ்சல் சேவையகத்தில் இருந்தது. நான் அதை அணைத்து வைத்திருந்தேன்.

ஏன் அணைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டண அட்டவணையைத் தானே விரிந்துகொள்ளும் ‘எக்ஸ்இ’ கோப்பாக அனுப்பும் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். நான் தடையைப் போட்ட முதல் வாரமே அவருடைய அட்டவணை நின்றுபோனது. விற்பனைப் பிரிவிலிருந்து சத்தம். அந்த ஒருவருக்கு மட்டும் வேறு வழி செய்து கொடுத்திருக்கலாம். அரை மணி நேர வேலை. நானோ தொல்லை விட்டது என்று எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டேன். ஒருவருடைய வசதிக்காக நாற்பது பேருடைய மேசைகளும் திறந்து கிடந்தன. இந்த முடிவை எடுத்தவருக்குக் கடிதம் வரவில்லை. அஞ்சலைத் திறப்பதையே வேலையாகக் கொண்டவருக்கு வந்தது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் சிலர் கணினித் துறையில் படிக்கிறீர்கள்; நாளை என் நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள். மற்றவர்கள் கணக்கிலோ நிர்வாகத்திலோ சட்டத்திலோ போய் அந்த அக்காவின் நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள். இரு தரப்புக்கும் இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

மின்னஞ்சல் நேராக உங்கள் கணினிக்கு வருவதில்லை. முதலில் நிறுவனத்தின் சேவையகத்திற்கு, அதாவது சர்வருக்கு வருகிறது. அங்கிருந்துதான் உங்கள் பெட்டிக்குப் போகிறது. கொண்டோமினிய வாசலில் பாதுகாவலர் அறை இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதுகாவலர் இரண்டு விதமாக வேலை செய்யலாம். திருடர்களின் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்து, வருகிற முகத்தை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு விதம். வைரஸ் தடுப்பு மென்பொருள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். நேற்று வரை யாருக்கும் தெரியாத திருடன் வந்தால் சுவரில் படம் இருக்காது. இரண்டாவது விதம், இந்த வாசலில் சரக்கு லோரிக்கு அனுமதி இல்லை என்று ஒரே விதி வைப்பது. ஓட்டுநர் நல்லவரா கெட்டவரா என்று ஆராய வேண்டியதில்லை. லோரியா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.

கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மின்னஞ்சல் வழியாக ஒரு நிரல், அதாவது இயங்கக்கூடிய புரோகிராம், வரவேண்டிய அவசியம் என்றைக்காவது உண்டா? பில் வரலாம், ரசீது வரலாம், படம் வரலாம். நிரல் எதற்கு? ஆகவே ‘எக்ஸ்இ’, ‘எஸ்சிஆர்’, ‘விபிஎஸ்’, ‘ஜேஎஸ்’, ‘பேட்’ போன்ற வாலுடன் வரும் எதுவாக இருந்தாலும், ‘ஸிப்’பின் வயிற்றுக்குள் ஒளிந்து வந்தாலும், வாசலோடு நிறுத்து என்பதுதான் விதி. ‘போஸ்ட்ஃபிக்ஸ்’, ‘அமாவிஸ்’ போன்ற இலவச மென்பொருள்களிலேயே இதற்கு வசதி உண்டு. காசு கொடுத்து வாங்கும் சேவைகளைச் சொல்லவே வேண்டாம்.

இது சிறு நிறுவனத்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2014 மார்ச் 8ஆம் தேதி எம்.எச்.370 விமானம் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் செல்லும் வழியில் 239 பேருடன் மறைந்தது. நாடே உறக்கமின்றித் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த நாள்கள் அவை. மறுநாள், மார்ச் 9ஆம் தேதி, விசாரணையோடு தொடர்புடைய உயர் அதிகாரிகளுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. காணாமற்போன விமானம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று கூறும் செய்திக் கட்டுரை போன்ற தோற்றம் அதற்கு. இணைக்கப்பட்டிருந்த கோப்பு பார்வைக்குப் பிடிஎஃப். உண்மையில் அது ஒரு நிரல். சுமார் 30 கணினிகள் பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் ‘தி ஸ்டார்’ நாளேடு இதை வெளியிட்டது. சிவில் விமானப் போக்குவரத்துத் துறை, தேசியப் பாதுகாப்பு மன்றம், மலேசிய ஏர்லைன்ஸ் ஆகியவற்றின் அதிகாரிகள் குறிவைக்கப்பட்டவர்களில் அடங்குவர் என்று அச்செய்தி கூறியது. சேவையகங்களிலிருந்து வெளியே போகும் அஞ்சல்களால் வலையமைப்பே திணறுகிறது என்று அந்தந்த அமைப்புகளின் நிர்வாகிகள் புகார் செய்த பிறகே விஷயம் தெரியவந்தது. கூட்டக் குறிப்புகள், இரகசிய ஆவணங்கள் உட்பட வெளியே போய்க்கொண்டிருந்தன. சைபர்செக்யூரிட்டி மலேசியா அந்தப் போக்குவரத்தைத் தடுத்து, பாதிக்கப்பட்ட கணினிகளை மூடச் செய்தது.

அதன் அப்போதைய தலைமைச் செயல்முறை அதிகாரி டாக்டர் அமிருடின் அப்துல் வஹாப் கூறியதில் ஒன்று என் மனத்தில் நிற்கிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார். அதாவது சுவரில் அந்தத் திருடனின் படம் இல்லை. ஆனால் “இது ஆவணமா, நிரலா?” என்ற கேள்விக்குத் திருடனின் படம் தேவையில்லை. கோப்பே அதற்குப் பதில் சொல்லிவிடும்.

எப்படிச் சொல்லும் என்பது சுவையான விஷயம். விண்டோஸின் ‘எக்ஸ்இ’ நிரல் ஒவ்வொன்றும் ‘எம்’, ‘இசட்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுடன்தான் தொடங்கும். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கி அந்தக் கோப்பு வடிவத்தை அமைத்தபோது தன் பெயரின் முதலெழுத்துகளை அங்கே வைத்துவிட்டுப் போனார். ‘ஸிப்’ கோப்பு ‘பி’, ‘கே’ என்று தொடங்கும். அதை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள். வேர்டு ஆவணமும் அப்படித்தான் தொடங்கும், ஏனென்றால் இன்றைய ‘டாக்எக்ஸ்’ ஆவணம் உள்ளுக்குள் ஒரு ‘ஸிப்’தான். நம்பாவிட்டால் உங்கள் பழைய பயிற்சிக் கட்டுரை ஒன்றை நகலெடுத்து, வாலை ‘ஸிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். பெயரை மாற்றலாம், சின்னத்தை மாற்றலாம், இந்த முதலெழுத்துகளை மாற்றினால் கோப்பே ஓடாது. மனிதக் கண் பார்ப்பது பெயரையும் சின்னத்தையும்தான். சேவையகத்தால் முதலெழுத்தைப் பார்க்க முடியும். எனவே இந்த வேலையை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போதாததற்கு விண்டோஸ் இயல்பாகவே கோப்புப் பெயரின் வாலை மறைத்து வைக்கிறது. ‘பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ’ என்று இருப்பது திரையில் ‘பில்.பிடிஎஃப்’ என்று மட்டும் தெரியும். அக்கா பார்த்தது அதைத்தான். இந்தத் தந்திரம் புதிதல்ல. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ புழு இதே வழியில்தான் உலகைச் சுற்றி வந்தது. காதல் கடிதம் என்ற பெயர், எழுத்துக் கோப்பின் வால், அதற்குப் பின்னால் மறைந்திருந்த ‘விபிஎஸ்’ என்ற உண்மையான வால். திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லாருக்கும் அதுவே தன்னை அனுப்பிக்கொண்டது. பிரிட்டன் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலையே சிறிது நேரம் மூடிவைத்தது. எழுதியவர் ஒனெல் டி குஸ்மான் என்ற கல்லூரி மாணவர், உங்களில் சிலரைப் போல. அப்போது பிலிப்பைன்ஸில் அதற்கேற்ற சட்டம் இல்லாததால் வழக்கு நிற்கவில்லை.

அதன் பிறகு மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? காதல் கடிதத்தைத் திறக்காதீர்கள் என்று உலகத்துக்குப் பாடம் எடுப்பதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் அவுட்லுக் மென்பொருளுக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, அத்தகைய கோப்புகளைப் பயனர் திறக்கவே முடியாதபடி செய்தது. ஜிமெயில் ‘எக்ஸ்இ’ போன்றவற்றை நெடுங்காலமாக ஏற்பதில்லை. 2017 பிப்ரவரியில் ‘ஜேஎஸ்’ கோப்பையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. கணினி அறிவியல் மாணவர்கள் இதைப் படித்ததும் சிரிப்பீர்கள். நள்ளிரவில் குழுப் பணியின் நிரல்களை ‘ஸிப்’ செய்து நண்பருக்கு அனுப்ப, ஜிமெயில் திருப்பி அடித்த அனுபவம் உங்களுக்கு இருக்கும்.

ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு அஞ்சல் என்றால் நாலாயிரம். ஆயிரத்துக்கு ஒன்று தவறினாலும் நாளைக்கு நான்கு. அந்த நான்கில் ஒன்றுதான் வேண்டும் எதிராளிக்கு. மாதக் கடைசியில், தலைவலியோடு, பாக்கி பில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கவனத்தை மட்டும் நம்பி ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பு நிற்கிறது என்றால், அதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல. பழி போட ஓர் ஆளைத் தயாராக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதுவரை படித்துவிட்டு, எல்லாவற்றையும் தடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தால், அங்கேதான் என் இரண்டாவது தவறு வருகிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பயந்துபோய்க் கைக்கு வந்ததையெல்லாம் தடுத்தேன். ‘ஸிப்’, ‘ரார்’, பழைய வேர்டு ஆவணம், எதுவும் விடவில்லை. தடுத்தது மட்டுமில்லை, அனுப்பியவருக்கும் சொல்லவில்லை, பெறுபவருக்கும் சொல்லவில்லை. அஞ்சல் சத்தமில்லாமல் ஒரு கிடங்குக்குள் போய் விழுந்தது. இரண்டு மாதம் கழித்து அந்தக் கிடங்கைத் துப்புரவு செய்யும்போது ஓர் அஞ்சல் கண்ணில் பட்டது. பாலிடெக்னிக் மாணவி ஒருவர் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தார். சான்றிதழ்களை எல்லாம் ஒழுங்காக ஒரே ‘ஸிப்’பில் கட்டி அனுப்பியிருந்தார். பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதே இணைப்போடு. அதுவும் கிடங்கில். மூன்றாவது அஞ்சலில் இணைப்பு இல்லை என்பதால் அது மட்டும் மனிதவளப் பிரிவுக்குப் போயிருக்கிறது. முந்தைய அஞ்சலைப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். எந்த அஞ்சலும் வரவில்லையே என்று அங்கே இருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பெண் தம் பங்கில் எந்தக் குறையும் வைக்கவில்லை. தாம் தகுதியில்லாதவர் என்றுதான் நினைத்திருப்பார். நான் கண்டபோது பயிற்சிப் பருவமே தொடங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நன்றி, வேறிடம் கிடைத்துவிட்டது என்று ஒரு வரி பதில் வந்தது.

ஆகவே என் கருத்தை இப்படி வைக்கிறேன்: தடுக்க வேண்டும்; தடுத்ததைச் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் தடுப்பது பாதி வேலைகூட இல்லை.

சொல்வதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சேவையகம் அஞ்சலை முழுவதும் வாங்கிக்கொண்டு, பிறகு இதில் வைரஸ் இருக்கிறது என்று அனுப்பியவர் முகவரிக்குத் தனியாக ஓர் அஞ்சல் போட்டால் அது வேறு தொல்லையில் முடியும். 2003 ஆகஸ்டில் ‘சோபிக்-எஃப்’ புழு பரவியபோது இதுதான் நடந்தது. அந்தப் புழு அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடும். சேவையகங்கள் அந்தப் பொய் முகவரிக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்ப, ஒரு பாவமும் அறியாதவர்களின் பெட்டிகள் நிரம்பின. சரியான முறை, அஞ்சல் வாசலில் நிற்கும்போதே, இரண்டு சேவையகங்களும் பேசிக்கொண்டிருக்கும்போதே, வாங்க மாட்டேன் என்று சொல்லிவிடுவது. அப்போது அனுப்பிய சேவையகமே தன் பயனருக்கு, உன் அஞ்சல் போகவில்லை என்று தெரிவிக்கும். உண்மையான மாணவிக்கு அந்தத் தகவல் போய்ச் சேரும். பொய் முகவரிக்காரர் யாரும் தொல்லைப்பட மாட்டார்.

வேறு எப்படி அனுப்பலாம் என்றும் அதே இடத்தில் சொல்ல வேண்டும். வழியை அடைத்துவிட்டு மாற்று வழி காட்டாவிட்டால் மக்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அது வாட்ஸ்அப்பாக இருந்தது. நான் வாசலில் நிறுத்திய கோப்புகள் கைப்பேசி வழியாகப் பின்வாசலில் நுழைந்தன. அங்கே எனக்கு எந்தச் சல்லடையும் இல்லை. திருமண அழைப்பிதழ் என்று சொல்லி ‘ஏபிகே’ கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் மோசடி பற்றி நம் போலீசார் எச்சரித்ததை அறிவீர்கள். கோப்பின் வகையைப் பார்க்காமல் திறப்பதுதான் அதற்கும் வேர். யாருடைய வீட்டுக் கல்யாணத்துக்கும் கைப்பேசிச் செயலி ஒன்றை நிறுவ வேண்டியதில்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 997க்கு அழையுங்கள். வெட்கப்பட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள்.

இன்னொரு குறுக்கு வழி, ‘ஸிப்’புக்குக் கடவுச்சொல் போட்டு அனுப்புவது. பாதுகாப்பாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பூட்டிய பெட்டிக்குள் சேவையகம் எப்படி எட்டிப் பார்க்கும்? ‘எமோடெட்’ என்ற தீநிரலைப் பரப்பியவர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள்; அஞ்சலிலேயே கடவுச்சொல்லையும் எழுதிவிடுவார்கள். ஜப்பானில் அரசு அலுவலகங்களே பூட்டிய ‘ஸிப்’பை ஓர் அஞ்சலிலும் கடவுச்சொல்லை அடுத்த அஞ்சலிலும் அனுப்பும் வழக்கம் வைத்திருந்தன. 2020 நவம்பரில் டிஜிட்டல் துறை அமைச்சர் தாக்குயா ஹிராய் அமைச்சரவை அலுவலகத்தில் அதை நிறுத்துவதாக அறிவித்தார். இரண்டு அஞ்சலும் ஒரே பாதையில் போகும்போது பூட்டால் என்ன பயன்?

எதிராளியும் சும்மா இருப்பதில்லை. 2022இல் மைக்ரோசாஃப்ட் இணையத்திலிருந்து வரும் ஆவணங்களில் மேக்ரோவை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியதும், அவர்கள் ‘ஐஎஸ்ஓ’வுக்கும் ‘ஒன்நோட்’டுக்கும் மாறிக்கொண்டார்கள். இணைப்பே இல்லாமல் வெறும் லிங்க் அனுப்பினால் என் வாசல் விதி ஒன்றும் செய்யாது. 2020 பிப்ரவரியில் மைசெர்ட் வெளியிட்ட எச்சரிக்கை அப்படிப்பட்டதுதான்: நம் அரசு அதிகாரிகளுக்குச் செய்தியாளர் போலவும் அரசு சாரா அமைப்பு போலவும் நடித்து அஞ்சல் அனுப்பி, கூகுள் டிரைவில் கோப்பை வைத்து இழுத்தார்கள். ஆகவே பட்டியலை ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். இந்த வேலையைச் செய்பவருக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். எதுவும் நடக்காத நாளை யார் கவனிக்கிறார்கள்?

நீங்கள் விண்ணப்பம் அனுப்பும்போது பிடிஎஃப்பாகவே அனுப்புங்கள். பல இருந்தால் ஒன்றாகச் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள், ‘ஸிப்’ வேண்டாம். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தொலைபேசியில் கேட்கத் தயங்காதீர்கள், உங்கள் அஞ்சல் யாரோ ஒருவனுடைய கிடங்கில் கிடக்கலாம். விண்டோஸில் கோப்புப் பெயரின் வாலைக் காட்டும் அமைப்பு ‘வியூ’ பகுதியில் இருக்கிறது, இன்றே போட்டுவிடுங்கள். நாளை வேலையிடத்தில் உங்களுக்கு ஒரு ‘துஞ்சோக் செபாப்’ வந்தால், மன்னிப்புக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இந்தக் கோப்பு என் பெட்டி வரை எப்படி வந்தது? மரியாதையாகவே கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் வேறொருவர் இருக்கிறார்.

அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதமும், போனஸ் வெட்டும் கிடைத்தன. மறு ஆண்டே அவர் அந்த வேலையை விட்டார். நானும் பிறகு தலைநகருக்கு மாறினேன். சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தன் ஓரத்துக் கடையில் அவரைச் சந்தித்தேன். இப்போது அந்த வட்டாரத்தில்தான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறார். தே தாரே வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அணைத்து வைத்திருந்த வசதி, அந்த வாடிக்கையாளர், என் மௌனம், எல்லாம். அவர் குவளையைச் சுற்றிக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப அந்த மூணு இடத்த மட்டும் திருத்தின, இல்ல?” என்றார்.

அதற்கு மேல் அவர் அதைப் பேசவில்லை. இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டார். புதிய அலுவலகத்தில் நான் எழுதி வைத்திருந்த பக்கத்தைக் கைப்பேசியில் காட்டினேன். சேவையகங்கள் பேசிக்கொள்ளும் அந்த ஒற்றை வரியில் தமிழ் எழுத்து எல்லா இடத்திலும் ஒழுங்காகத் தெரியாது. அதனால் அங்கே ஒரு பக்கத்தின் முகவரியை மட்டும் வைத்து, விளக்கத்தை அந்தப் பக்கத்தில் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நான்கிலும் போட்டிருக்கிறேன். கீழே என் மேசைத் தொலைபேசி எண். தமிழில், “பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தங்கள் இணைப்பு நிராகரிக்கப்பட்டது” என்று எழுதியிருந்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“நிராகரிக்கப்பட்டதுன்னு போட்டா பிள்ளைங்க பயந்துடும் தம்பி. வேலையே இல்லன்னு சொன்ன மாதிரி இருக்கு. வந்து சேரலன்னு போடு” என்றார். இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னார். மேசையிலேயே திருத்தினேன்.

இப்போது அந்தப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: “உங்கள் கோப்பு எங்களுக்கு வந்து சேரவில்லை. நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை.”